கப்பல் விருந்துக்கு வேட்டி கட்டிப் போகலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) தை மாதம் வயது நிறைவுச் சாந்தி. ஊரில் எல்லாம் முடிந்த பிறகு வீட்டார் எல்லோரையும் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பதிவு செய்திருக்கிறார். 5 இரவு, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்புவது. அதில் ஒரு நாள் ‘ஃபார்மல் நைட்’ என்று போட்டிருக்கிறது. எல்லோரும் கோட்டு சூட்டோடு நின்று படம் எடுக்கணும் என்கிறார் அண்ணன். அப்பச்சி இதுவரைக்கும் வேட்டியைத் தவிர வேறு எதுவும் உடுத்தியதில்லை, இனிமேலும் மாட்டேன் என்கிறார்கள். என் வீட்டுக்காரரோ, “காசையும் கொடுத்து, லீவுக்குப் போன இடத்திலும் டை கட்டணுமா? நான் ரூமிலேயே இருந்துக்கறேன்” என்கிறார். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) கண்டாங்கியா பட்டா என்று யோசனை. கூடவே 8 வயதுப் பையன். வேட்டியோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா?

பதில்: ஆச்சி, முதலில் அப்பச்சி மனசை ஆற்றுங்கள். வேட்டியிலேயே வரலாம். காரைக்குடியில் இருந்துகொண்டு கப்பல் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தரும் எனக்கு, விசாவைவிட அதிகமாக வரும் கேள்வி இந்த உடுப்புக் கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நம் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்றோடு நானும் கப்பலில் இருந்தேன். ஃபார்மல் நைட் அன்று பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், 70 வயதைத் தாண்டிய பெரியவரை நிறுத்திவிட்டார்கள். கட்டியிருந்தது நல்ல 8 முழ வேட்டிதான். ஆனால் பெட்டியில் மடங்கிக் கசங்கியிருந்தது. மேலே கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. கூட வந்த பேரனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது; வேட்டியை அவமதித்துவிட்டார்கள் என்று சத்தம் போட ஆரம்பித்தான். நான் பெரியவரை மெதுவாக அறைக்குக் கூட்டிப்போனேன். வேட்டியைச் சலவைக்காரரிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கினோம். வெள்ளை முழுக்கைச் சட்டை, கரை வெளியே தெரியும்படி மடித்துத் தோளில் போட்ட அங்கவஸ்திரம், காலில் கறுப்புத் தோல் ஷூ. முக்கால் மணி நேரம் கழித்து அதே வாசல், அதே பணியாள். இந்தத் தடவை அவரே கதவைத் திறந்து விட்டு, நாற்காலி வரைக்கும் கூட வந்தார். வேட்டியும் அதே வேட்டிதான்.

விருந்துக்கென்று உடுத்தி வந்திருக்கிறாரா என்பதைத்தான் அந்த வாசலில் பார்க்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்துக்கு யாரும் வயலிலிருந்து வந்த கோலத்தில் வருவதில்லையே, அது மாதிரிதான். கப்பல்காரர்களுக்கு வேட்டி பழக்கமில்லை. பழக்கமில்லாத உடுப்பு தலை முதல் கால் வரை சீராக இருந்தால், பார்த்த உடனே ‘இது இவர்களுடைய விசேஷ உடுப்பு’ என்று புரிந்துவிடும். அரைகுறையாக இருந்தால் வீட்டு உடுப்பு என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் அங்கே வேட்டியை மடித்துக் கட்டவே கூடாது. முழங்கால் தெரிந்தால் அவர்கள் கணக்கில் அதுவும் அரைக்கால் சட்டைதான். ஃபார்மல் நைட் அன்று விருந்துக் கூடத்தில் அரைக்கால் சட்டையைப் பெரும்பாலும் விரும்புவதில்லை.

விதி எழுத்திலும் நமக்கு இடம் இருக்கிறது. உடுப்பு விஷயத்தில் இன்றைக்கும் கறாரான கம்பெனி என்று பெயர் வாங்கியது குனார்ட். குயின் மேரி 2 அவர்களுடைய கப்பல்தான். அவர்களே ‘காலா’ இரவு என்று சொல்லும் ஃபார்மல் நைட்டுக்கு டக்ஸிடோ (போ டையோடு போடும் விருந்துக் கோட்டு), கறுப்பு சூட்டு ஆகியவற்றோடு அவரவர் நாட்டின் விசேஷ உடுப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிக்கொண்டு வருவார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். எனவே அண்ணனை இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். ‘எங்கள் தந்தை ஃபார்மல் நைட் அன்று தமிழ்நாட்டு விசேஷ உடுப்பான வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் அணிவார், சம்மதமா?’ என்று கேட்டு, இப்படி உடுத்திய படம் ஒன்றையும் இணைத்தால் போதும். பதிலை அச்செடுத்து அப்பச்சி சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வாசலில் பேச்சு வந்தாலும் பத்து விநாடியில் முடிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்கள் சிலர் சட்டத்தைப் பேசுவார்கள். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே வருடம் சட்டசபையில் சட்டமே வந்தது: வேட்டிக்காகப் பொது இடத்தில் யாரையும் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமமும் போகலாம். நல்ல சட்டம், எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் செல்லுபடியாகிற சட்டம். உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா என்று வேறு நாட்டுக் கொடியில் ஓடுகின்றன. நடுக்கடலில் நம் சட்டத்தைக் காட்ட முடியாது. அந்த மின்னஞ்சல் பதில்தான் அங்கே கைகொடுக்கும்.

அண்ணனின் ஆசையையும் தள்ளிவிட வேண்டாம். அவருக்கு ஒரு யோசனை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் வளவு என்னும் உள்முற்றத்துச் சுவரில் தொங்கும் பழைய படங்களைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார், கீழே வேட்டி, மேலே கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. வெள்ளைக்காரர்களோடு கொண்டுவிற்றவர்கள் உடுத்திய உடுப்பு அது. அந்தக் கோட்டைத்தான் இன்றைக்கு பந்த்கலா என்று விற்கிறார்கள். அப்பச்சிக்குச் சம்மதமானால் வேட்டிக்கு மேல் ஒரு பந்த்கலா. அண்ணன் அதே நிறத்தில் பேன்ட்டோடு பந்த்கலா. படத்தில் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாகத் தெரிவார்கள். ஏற்கெனவே கறுப்போ கருநீலமோ சூட்டு இருந்தால் அண்ணன் அதையே போடட்டும். டக்ஸிடோ வாங்காதீர்கள். ஒரு ராத்திரிக்காக அந்தச் செலவு வீண். இந்த மாதிரி 5 இரவுப் பயணங்களில் டக்ஸிடோ போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆபீஸுக்கு வாரம் முழுக்க டை கட்டுகிற மனுஷனுக்கு லீவிலும் டை என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அவரைப் போல் நினைப்பவர்கள் கப்பலில் நிறையப் பேர். அவர்களுக்காகவே பல கம்பெனிகள் இறங்கி வந்துவிட்டன. நார்வீஜியன் 2000-லேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லிக் கட்டாய உடுப்பை எடுத்துவிட்டது. செலிபிரிட்டி 2015-ல் ஃபார்மல் நைட் என்ற பெயரை மாற்றி, கோட்டில்லாமலும் வரலாம் என்று தளர்த்தியது. வைகிங்கில் ஃபார்மல் நைட்டே கிடையாது. 2022-லிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்துபோன கார்டீலியா கப்பலில் போனவர்களைக் கேட்டால், உடுப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்து ஒரே ஒரு தடவை கப்பலில் போகிறவர்கள், அந்த ஒரு ராத்திரிக்காகவே புதுப் புடவையும் கோட்டும் எடுத்து வைத்திருப்பார்கள். பக்கத்து மேஜையில் ஒருவர் நீச்சல் குளத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி உட்கார்ந்தால் அவர்களுக்கு மனசு வாடும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில்தான் கப்பல்காரர்கள் தடுமாறுகிறார்கள். என் அபிப்பிராயம் இதுதான்: உடுத்த விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், உடுத்த விருப்பமில்லாதவரும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் வந்து உட்கார வேண்டாம். பெரும்பாலும் கட்டுப்பாடு பெரிய சாப்பாட்டுக் கூடத்தோடு சரி. மேல் தளத்து பஃபே அன்றைக்கும் திறந்துதான் இருக்கும். சாதாரணச் சட்டையில் போய் வயிறாரச் சாப்பிடலாம். குனார்ட் மாதிரி ஒன்றிரண்டு கம்பெனியில்தான் சாயந்தரம் 6 மணிக்கு மேல் உடுத்தாதவர்களுக்கென்று பஃபே, பப், கேசினோ போன்ற சில இடங்களை மட்டும் ஒதுக்குகிறார்கள். உங்கள் பயணத்தில் அவ்வளவு கெடுபிடி இருக்காது.

ஆனால் இது அப்பச்சியின் சாந்தியை ஒட்டிய பயணம். மாப்பிள்ளை அறையில் உட்கார்ந்திருந்தால் அப்பச்சிக்குச் சோறு இறங்காது. உங்கள் வீட்டுக்காரரிடம் டையை விட்டுவிடச் சொல்லுங்கள். காலர் வைத்த முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், ஷூ. இவ்வளவு போதும், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலும் இதோடு உள்ளே விடுவார்கள். ஒன்றரை மணி நேரச் சாப்பாடு. முடிந்ததும் அறைக்குப் போய் மாற்றிக்கொள்ளட்டும். நான் இதைச் சொல்லிச் சம்மதிக்காத மாப்பிள்ளை இதுவரை இல்லை.

பையனுக்கும் அதேதான், காலர் சட்டையும் பேன்ட்டும்.

ஆத்தாவுக்கு நான் கண்டாங்கியைத்தான் சொல்வேன். புடவை எந்தக் கப்பலிலும் கேள்வியில்லாத விசேஷ உடுப்பு. எந்தப் புடவை என்பது நம் விருப்பம். பட்டுப் புடவை கட்டிய பெண்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்டு, அகலக் கரை வைத்த கண்டாங்கியைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் காரைக்குடி நெசவு அது. பருத்தி என்பதால் ஆத்தா தயங்கலாம். கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த கண்டாங்கிக்குப் பட்டின் மதிப்பு இருக்கிறது. ஒன்று மட்டும்: அந்தக் கூடத்தில் ஏசி எலும்பைத் துளைக்கும். ஒரு சால்வை கையோடு இருக்கட்டும். வைரத்தோடு போட்டுக்கொள்ளலாம், கழற்றி வைக்க அறையிலேயே சின்ன லாக்கர் இருக்கும். நகை கனமாக இருந்தால், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, நம்முடையதுதான் என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

தேய்ப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அறைக்குக் கொண்டுபோக முடியாது. தீப்பிடிக்கும் பயத்தால் ஏறும்போதே சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். துணி தேய்க்கக் கட்டணம் கட்டிக் கொடுக்க வேண்டும், ஃபார்மல் நைட் அன்று அங்கே கூட்டம் அதிகம். ஊரிலேயே கஞ்சி போட்டுத் தேய்த்து, வேட்டியைச் சுருட்டாமல் அட்டை வைத்து மடித்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். ஏறிய உடனே எடுத்துத் தொங்கவிட வேண்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சாயந்தரம் ஆகிவிடும். முதல் ராத்திரி ஃபார்மல் நைட் வைக்காததற்கு அதுதான் காரணம். கடைசி ராத்திரியும் வைக்க மாட்டார்கள், பெட்டியைக் கட்டி வாசலில் வைக்கிற ராத்திரி அது. பெரும்பாலும் துறைமுகம் தொடாத நாளில்தான் வரும். எந்த நாள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்குப் போகிற வழியில் திறந்த தளத்தில் நின்று படம் எடுக்க ஆசைப்படுவீர்கள். கடல் காற்று வேட்டியைச் சும்மா விடாது. வெல்க்ரோ வைத்த வேட்டியானாலும் இடுப்பில் பெல்ட் இருக்கட்டும், முந்தியில் ஒரு ஊக்கு குத்துங்கள். அப்பச்சிக்கு ஷூ பழக்கமில்லை என்றால் ஒரு மாதம் முன்னாடியே வாங்கி வீட்டில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். குதிகால் மூடிய, கயிறில்லாத தோல் ஷூ போதும். வழுக்கும் அடிப்பாகம் மட்டும் வேண்டாம், கப்பல் லேசாக ஆடும்.

சாந்தி முடிந்து வருகிற தம்பதி என்பதால் அறையில் விளக்கேற்றிக் கும்பிட ஆத்தா நினைக்கலாம். விளக்கு, சூடம், ஊதுபத்தி எதற்கும் அனுமதி கிடையாது. அதற்குப் பினாங்கு இருக்கிறது. கப்பல் அங்கே நிற்கும் நாளில், நம் ஆட்கள் கட்டிய தண்ணீர்மலைக் கோவிலுக்கு ஒரு கார் வைத்துப் போய்விட்டு வாருங்கள். நம் ஐயாக்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி வந்து இறங்கிய ஊர் அது. 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரைக்கும் ஓடியது. அவர்களில் பலர் திறந்த தளத்தில் பாய் விரித்து, வேட்டியும் துண்டுமாகத்தான் வந்தார்கள்.

கோவிலுக்கும் விருந்துக்கும் ஒரே வேட்டி வேண்டாம். இரண்டு செட் வையுங்கள். குழம்போ மஞ்சளோ பட்டுவிட்டால் கப்பலில் அடுத்த நாளுக்குள் கறை எடுத்து வாங்க முடியாமல் போகலாம்.