கவலைக்கு மாலை ஆறரை மணி: மனநல மருத்துவர் பதில்கள்

எனக்கு வயது 61. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இரவு ஒன்பது மணிக்குப் பேசுவான். பேசாத நாளில் விபத்தோ, வேலை போய்விட்டதோ என்று விடிய விடிய யோசனைதான். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். பெற்றவள் கவலைப்படாமல் வேறு யார் படுவார்? ஆனால் இப்படியே போனால் மூளை கலங்கிவிடுமோ என்றும் பயம். காரைக்குடியில் ஒரு கவுன்சிலர் ‘மெட்டாகாக்னிட்டிவ் தெரபி’ என்றார். அது என்ன?
- பெயர் வேண்டாம், கானாடுகாத்தான்

ஆச்சி, மகனைப் பற்றிய கவலை ஒன்று. அந்தக் கவலையைப் பற்றிய கவலை இன்னொன்று. ‘கவலைப்படுவது என் கடமை’ என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ‘அது என் மூளையைக் கெடுத்துவிடும்’ என்கிறீர்கள். விடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிப்பது இதனால்தான்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து உருவாக்கிய சிகிச்சை இது. கெட்ட எண்ணம் எல்லோருக்கும் வரும், போகும். அதை அசைபோடுவது, ஆபத்து வருகிறதா என்று நோட்டம் பார்ப்பது (உங்கள் வாட்ஸ்அப்!), எண்ணமே வரக்கூடாது என்று அமுக்குவது, இந்த மூன்றும்தான் அதைப் போகவிடாமல் பிடித்து வைக்கின்றன என்பது அவர் கணக்கு.

நான் படித்து வந்த முறை வேறு. ‘விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு? ஆதாரம் என்ன?’ என்று எண்ணத்தோடு வாதாடுவோம். வாதத்தில் ஜெயித்து அனுப்பினால், அடுத்த வாரம் புதிதாக ஒரு பயத்தோடு வந்து உட்காருவார்கள். இதில் அந்த வாதமே கிடையாது. நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், தீராக் கவலை நோய் உள்ளவர்களில் பழைய முறையில் 38 சதவீதம் பேரும் இந்த முறையில் 65 சதவீதம் பேரும் குணமானார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

எங்கள் வீட்டு வளவில் மேலே திறந்த வழியாக அடிக்கடி புறா வந்துவிடும். சின்ன வயதில் நான் ஒட்டடைக் குச்சியோடு துரத்துவேன். அது தூணுக்குத் தூண் மோதி, பட்டாலைக்குள் புகுந்து, நிலைக்கண்ணாடியில் இடித்து ஒரு மணி நேரம் வீட்டையே ரெண்டாக்கும். அப்பத்தா அரிசி புடைத்தபடியே சொல்லும்: “அத விடுப்பா, வந்த வழி அதுக்குத் தெரியும்.” எண்ணத்தையும் அப்படித்தான் விடச் சொல்கிறார்கள். துரத்தவும் வேண்டாம், இரை போடவும் வேண்டாம்.

இன்றே ஆரம்பிக்கலாம். தினமும் மாலை ஆறரைக்குக் கால் மணி நேரம், முகப்பில் உட்கார்ந்து கவலைப்பட ஒதுக்குங்கள். இரவு ஒன்பதுக்கு எண்ணம் வந்தால், ‘சரி, நாளைக்கு ஆறரைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். ஆறரைக்குக் கவலைப்படத் தோன்றவில்லையா, எழுந்து போய்விடலாம். முழுசாகத் தள்ளிப்போட முடிந்தது பத்து நாளில் மூன்று நாள்தான் என்றாலும், ‘கவலை என் கையில் இல்லை’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுவிடும். மூளை கலங்கும் என்ற பயத்துக்கு, அந்தக் கால் மணியில் வேண்டுமென்றே தீவிரமாகக் கவலைப்பட்டுப் பார்க்கச் சொல்வதும் உண்டு; அதை மட்டும் கவுன்சிலர் துணையோடு செய்யுங்கள்.

அப்புறம், உங்களுக்கு ஒன்பது மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை. தம்பி தூங்கியிருப்பார். பார்த்தீர்களா, நானே வாதாட ஆரம்பித்துவிட்டேன்!

பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு ஆகும். அதற்கு முன் தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது கூடினாலும் படபடப்பு வரும், தூக்கம் கெடும்.

இதே சிகிச்சையில் வரும் கவனப் பயிற்சியைச் செய்கிறேன். மனம் அமைதியாகவே இல்லை. தியானத்தில் தப்பு செய்கிறேனா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

இது தியானமே இல்லை தம்பி. அமைதிக்காகச் செய்வதும் இல்லை. கவனத்தை நினைத்த இடத்தில் வைக்கவும் எடுக்கவும் பழகுவது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஒவ்வொரு ஒலியாகக் கேளுங்கள்: பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் பஸ் ஹாரன், மின்விசிறி. அடுத்த ஐந்து நிமிடம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சட்டுச் சட்டென்று மாறுங்கள். கடைசி இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில். நடுவில் எண்ணம் வந்தால் அதுவும் இன்னொரு சத்தம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது தப்பிக்க இதைச் செய்யாதீர்கள். சாதாரண நேரத்தில் செய்யுங்கள்.

அப்பா மன அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்தச் சிகிச்சை தொடங்கினால் நிறுத்திவிடலாமா?
- தேவகோட்டை வாசகி

கூடாது. இரண்டும் சேர்ந்து போகலாம். குறைப்பதையோ நிறுத்துவதையோ சீட்டு எழுதிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி ‘டெலி மானஸ்’, எண் 14416, தமிழிலேயே பேசலாம்.