'முறைச்சான், அதான் அடிச்சேன்': ஏடிஹெச்டி பிள்ளைகளின் கோபம்

வேலூரில் சிறப்பு ஆசிரியராக இருக்கிறேன். ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் அவசரமும் இருக்கும் நிலை) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

காட்பாடி அம்மா: பையனுக்கு எட்டு வயசு. பக்கத்து பெஞ்சுப் பையன் சும்மா பார்த்தாலே 'முறைக்கிறான்'னு சொல்லி அடிக்கிறான். பொய் சொல்றானா?

பொய் இல்லைம்மா, அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பதில் தடுமாற்றம் உண்டு. கண், வாய், குரல், கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தானே கோபமா யோசனையா என்று புரியும்? இவன் பாதியைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிடுகிறான், 'இரு, யோசி' என்று நிறுத்துகிற மூளைப்பகுதி குறுக்கே வருவதற்குள் கை போய்விடுகிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலடுக்கில் பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்ற பிள்ளைகளுக்குச் சுமார் 7.5 என்றும் இவர்களுக்கு 10.5 என்றும் தெரிந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம்.

அடித்த சூட்டில் 'ஏன்டா அடிச்சே' என்று கேட்காதீர்கள், அப்போது எதுவும் ஏறாது. சாயங்காலம் சீரியல் ஓடும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு, 'இந்த அத்தைக்கு என்ன ஆச்சு, எதை வச்சு சொல்றே?' என்று கேளுங்கள். தினம் ஐந்து நிமிஷம் போதும். பிள்ளை கண்ணையும் புருவத்தையும் தேடிப் பார்க்கப் பழகும்.

குடியாத்தம் அப்பா: ரெண்டு போட்டா சரியாயிடும்னு எங்கப்பா சொல்றாரே?

வேண்டாம் சார். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் அதிலிருந்து கற்றுக்கொள்வான். தாத்தாவிடம், அவன் கையை அடக்கிக்கொண்ட நேரத்தைப் பார்த்து உடனே பாராட்டச் சொல்லுங்கள்.

ஆற்காடு டீச்சர்: வேணும்னே அடிக்கிற பிள்ளையை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

திட்டம் போட்டு அடிக்கிற பிள்ளை யாரும் பார்க்காத இடம் தேடும், அதில் ஏதோ ஒன்று அதற்குக் கிடைக்கும். ஏடிஹெச்டி பிள்ளை பெரும்பாலும் உங்கள் முன்னாலேயே அடித்துவிட்டு அடுத்த நிமிஷம் அழும். எந்த நேரத்தில் நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நான் குறித்தவரை மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில்தான் அதிகம். நம்ம ஊர் வெயிலில் பசியும் தாகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ராணிப்பேட்டை அம்மா: மாத்திரை கொடுக்கலாமா? எங்கே காட்டுறது?

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆறு வயதுக்குள் என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேல், இதற்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரை பல பிள்ளைகளுக்கு அவசரத்தைக் குறைக்கும், கூடவே கைநீட்டுவதும் குறையலாம். ஆனால் முகம் படிக்கும் பழக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். மாத்திரையால் பசியும் தூக்கமும் குறையலாம், டாக்டர் சொல்லாமல் அளவை மாற்றாதீர்கள். அப்புறம், வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாவது இப்படி இருந்ததா, 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா என்று கேட்பார்கள். அதனால் வகுப்பு டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.