காயிலோவர் போட்ட டொயோட்டா 86-க்கு எந்த ரிம், எந்த டயர் போடலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 2013 மாடல் 86. காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் அப்சார்பர் தொகுப்பு) போட்டாயிற்று, ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) டியூன் செய்தாயிற்று, டர்போ இல்லை. மலேசியாவின் ஷா ஆலாமிலிருந்து தினமும் வேலைக்குப் போவதும் இதே காரில்தான், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவதும் இதில்தான். 18 அங்குல ரிம்மா 19-ஆ, எந்த டயர் என்று கேட்கிறீர்கள்.

17-லேயே இருங்கள். முதலில் டயரை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ரிம்மைப் பிறகு தேடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழந்தவன்.

கார் வாங்கிய முதல் வருடம், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு கடையில் பழைய 18 அங்குல ரிம் நான்கு வாங்கினேன். 225/40 டயர் போட்டேன் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது பக்கவாட்டின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது). வண்டி மந்தமாகிவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் காரணம் புரியவில்லை. ஒரு நாள் மழைக்குப் பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் தண்ணீர் மூடிய குழி ஒன்றில் முன் இடது சக்கரம் இறங்கியது. அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை காற்று குறையும். டயர் கடைக்காரர் ரிம்மின் உள்பக்க விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். தலைமுடி அளவு கோடு ஒன்று, அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழிகள். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மை மட்டும் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 11.6 கிலோ. காருடன் வந்த 17 அங்குல ரிம் பத்து கிலோ கூட இல்லை.

இந்த இரண்டு கிலோ சாதாரணமில்லை. ரிம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை, அதோடு சுற்றுகிற எடையும்கூட. ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜினும் பிரேக்கும் அதற்கு விலை கொடுக்கின்றன. 86-இன் இன்ஜின் 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர். 4,000 ஆர்பிஎம் பக்கத்தில் டார்க் கொஞ்சம் தொய்வது டியூன் செய்தாலும் முழுக்கப் போவதில்லை. அந்த இடத்தில்தான் கனமான ரிம் நன்றாகத் தெரியும்.

இந்தக் காருக்கு 2012-இல் டொயோட்டா கொடுத்த டயர் 215/45 R17 மிஷெலின் பிரைமசி எச்பி. அமைதியாக ஓடுவதற்காகச் செய்த டயர் அது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா தெரிந்தேதான் குறைந்த பிடிப்புள்ள டயரைத் தேர்ந்தெடுத்தார், குறைந்த வேகத்திலேயே காரின் சமநிலையை ஓட்டுபவர் உணர வேண்டும் என்பதற்காக. அதனால் அகலத்தில் பேராசை வேண்டாம். டர்போ இல்லாத 86-க்கு 245 போட்டால் வளைவில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் நேர்ப்பாதையில் இழுக்கவே தெம்பிருக்காது. 225/45 R17 போதும். வெளி விட்டம் பழைய டயரைவிட 9 மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோ மீட்டரும் பெரிதாக மாறாது.

டயர் வகையில் உங்களுக்கும் எனக்கும் மழைதான் முதல் கேள்வி. சிப்பாங்கில் மதியம் மூன்று மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது, திரும்பி வரும் எலைட் நெடுஞ்சாலையிலும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200-ம் அதற்குக் கீழும் டிராக்குக்கான மென்மையான ரப்பர். காய்ந்த தரையில் அற்புதம், ஆனால் தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் குறைவு. கொஞ்சம் தேய்ந்தபின் தேங்கிய தண்ணீரில் மிதந்துவிடும். ஒரே செட் டயரில் எல்லாம் நடக்க வேண்டுமென்றால் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 ரகத்திலேயே நில்லுங்கள். டிராக் ஆசை முற்றிவிட்டால் காருடன் வந்த ரிம்மில் மென்மையான டயரை ஏற்றித் தனி செட்டாக வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. விலை குறைவு என்று பழைய டயரை வாங்காதீர்கள், நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும்.

இனி ரிம். 86-க்கு ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத் துளை 56.1 மில்லிமீட்டர். காருடன் வந்த ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம், மில்லிமீட்டரில்) 48. நான் இப்போது ஓட்டுவது 8 அங்குல அகலம், ஆஃப்செட் 45 உள்ள என்கை நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 ரிம். ஏழு கிலோ சொச்சம்தான். கணக்குப் போட்டால் வெளிப்பக்கம் சுமார் 16 மில்லிமீட்டர், உள்பக்கம் 10 மில்லிமீட்டர் கூடுதலாக வருகிறது. காயிலோவர் இருப்பதால் உள்பக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். ரிம்மைக் கடையிலேயே மாட்டச் சொல்லி, காரைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயருக்கும் டேம்பருக்கும் (ஷாக் அப்சார்பர்) இடையே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரிம்மின் நடுத் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் வேண்டும். அலுமினிய வளையமாகவே வாங்குங்கள், டிராக்கில் பிரேக் சூட்டுக்குப் பிளாஸ்டிக் உருகிவிடும். ஸ்போக்கின் பின்னால் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதலாவது தயாரிப்பாளரே சோதித்தது, இரண்டாவது வெளியார் சோதித்தது. நகல் ரிம்களில் முத்திரையையும் நகலெடுப்பதுண்டு, அதனால் பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

மாட்டிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோதான் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு). சிப்பாங்கில் 15 வளைவில் 10 வலப்பக்கம், ஆகவே முன் இடது டயர்தான் முதலில் போகும். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் அதன் வெளித் தோளை (வெளி விளிம்பை) கையால் தடவிப் பாருங்கள். நட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபாருங்கள்.