35,000 ரூபாய்க்கு உளுந்து வாங்குங்கள், பேப்பர் வாங்காதீர்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பிஎச்.டி. முழுநேரமாகச் செய்கிறாள். 2023 ஜனவரியில் பதிவு. தாமிரபரணியில் அணைக்கட்டு அணைக்கட்டாகப் போய், தண்ணீருக்குள் இருக்கும் தட்டான் புழுக்களை எண்ணுகிற வேலை. அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு வருகிற மே மாதம் ரிட்டையர் ஆகிறார். புராஜெக்ட் சென்டர் நடத்துகிற ஒருவர், "கைடு போய்விட்டால் பதிவு செல்லாது, அதற்குள் தீசிஸ் கொடுத்துவிட வேண்டும், இரண்டு பேப்பர் இல்லாமல் தீசிஸை வாங்க மாட்டார்கள்" என்கிறார். 35,000 ரூபாய் கொடுத்தால் இருபது நாளில் ஸ்கோபஸ் பேப்பர் போட்டுத் தருவாராம். மகள் வேண்டாம் என்று அழுகிறாள். எனக்கு இந்தப் படிப்பு விவரம் தெரியாது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. அந்தக் காசுக்கு உளுந்து வாங்கிப் போடுங்கள், அப்பளமாவது மிஞ்சும். உங்கள் பிள்ளை அழுவது பயத்தினால் இல்லை. அவளுக்கு விஷயம் தெரியும், உங்களிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த ஆள் மூன்று பொய்யை ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். முதல் பொய், கைடு ஓய்வு பெற்றால் பதிவு செல்லாது என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறை, ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருக்கிற ஆசிரியர் புதிதாக மாணவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது. உங்கள் மகளைச் சேர்க்கும்போது அவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் பணி இருந்திருக்கிறது, அதனால் அதில் குற்றமில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்களை அவர் ஓய்வு நாள் வரை நடத்தலாம். அதற்குப் பிறகு எழுபது வயது வரை இணை வழிகாட்டியாக இருக்கலாம். முதன்மை வழிகாட்டியாகப் பணியில் இருக்கிற இன்னொருவர் பெயர் வேண்டும், அவ்வளவுதான். பதிவு எங்கேயும் போகாது.

இரண்டாவது பொய் அவசரம். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. 2023 ஜனவரியில் பதிவு என்றால் ஆறு வருடம் 2029 ஜனவரியில்தான் முடிகிறது. அதற்குமேல் மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டிக்கலாம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் சலுகை உண்டு. உங்கள் மகள் அந்தப் பக்கம் போகவே தேவையிருக்காது. இருபது நாளில் எதையும் முடித்தாக வேண்டிய நெருக்கடி அவளுக்கு இல்லை. நெருக்கடி அந்த ஆளுக்குத்தான், கடை வாடகை கட்ட வேண்டுமே.

மூன்றாவது, பேப்பர். இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பாதி உண்மை. 2016 விதிமுறைப்படி தீசிஸ் கொடுக்குமுன் நடுவர் பார்வைக்குப் போகிற இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு முறை கட்டுரை வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பர் 7ஆம் தேதி அரசிதழில் வந்த புதிய விதிமுறையில் இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதி, பின்னால் பதிவு செய்தவர்களுக்குப் புதிய விதி. உங்கள் மகள் பின்னால். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதிய தேதி வேறு, நேர்காணல் தேதி வேறு, பணம் கட்டிய தேதி வேறு, பதிவுக் கடிதத்தில் போட்டிருக்கிற தேதி வேறு. பிள்ளைகள் கல்லூரிக்குள் முதலில் காலடி வைத்த நாளைச் 'சேர்ந்த நாள்' என்று சொல்வார்கள். அது கணக்கில் வராது, பதிவுக் கடிதத்தில் உள்ள தேதியைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கடிதத்திலேயே எந்த ஆண்டு விதிமுறைக்கு உட்பட்டது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். 2022இன் கடைசியில் சேர்ந்த பிள்ளைகள் இதில் குழம்பி, தங்களுக்குப் பொருந்தாத விதிக்கு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மானியக் குழுவின் விதியில் கட்டாயம் இல்லை என்பதாலேயே விட்டுவிடவும் முடியாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விதியில் கட்டுரை வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மகள் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் பதிவுத் தேதிக்கு எத்தனை கட்டுரை, எந்த வகை இதழ்?" வாய்மொழியாகக் கேட்டால் ஒவ்வொரு மேஜையில் ஒவ்வொரு பதில் வரும். கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளட்டும்.

இப்போது அந்தப் பேப்பர் கடைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொன்னால் மன்னியுங்கள், முப்பது வருடக் கடுப்பு.

ஆராய்ச்சி இதழ் என்றால் என்ன? நீங்கள் அனுப்புகிற அப்பளக் கட்டை வாங்குகிற மொத்த வியாபாரி, கட்டுக்கு ஒன்றை உருவி எண்ணெயில் போட்டுப் பார்ப்பார் இல்லையா, அதுமாதிரி. கட்டுரை வந்தால், அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு இதழ்க்காரர் அனுப்புவார். அவர்கள் குறை சொல்வார்கள், திருப்பி அனுப்புவார்கள், மறுபடி கேட்பார்கள். அதற்கு மாதக் கணக்காகும். இருபது நாளில் ஆகிறதென்றால் பொரித்துப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் ஒரு வேலை செய்தார். கல்பாசி இருக்கிறதே, நாம் பிரியாணிக்குப் போடுவது, அந்த இனத்துப் பாசியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு கட்டுரை கட்டினார். பள்ளிக்கூட வேதியியல் தெரிந்தவனே பிடித்துவிடக்கூடிய ஓட்டைகள். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் 'ஏற்றுக்கொண்டோம், பணம் அனுப்பு' என்றன. சயன்ஸ் இதழில் இதை அவர் எழுதியபோது, அவர் அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு இதழ்களின் முகவரி நம் நாட்டில் இருந்ததையும் எழுதினார். படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குக் கடைகள் கூடியிருக்கின்றன.

"ஸ்கோபஸ் என்று எழுத்தில் தருகிறேன் என்கிறாரே?" என்பீர்கள். ஸ்கோபஸ் இதழ் இல்லை, எந்தெந்த இதழ் பட்டியலில் இருக்கிறது என்று சொல்கிற ஒரு பதிவேடு. அந்தப் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு வருடம் இருந்த இதழ் மறுவருடம் நீக்கப்படுவதுண்டு. அதைவிடக் கெட்ட வித்தை, போலி இதழ். நல்ல இதழின் பெயர், எண், அட்டைப்படம் எல்லாவற்றையும் திருடி வேறு முகவரியில் ஒரு இணையதளம் வைப்பார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்தால் இருக்கும், பணம் போவது வேறு எங்கோ. 'யூஜிசி கேர் இதழ்' என்று பலகை வைத்திருக்கிறாரா பாருங்கள். யூஜிசி என்பது அதே மானியக் குழுதான், கேர் என்பது அது ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியல். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டுவிட்டது. பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

இன்னொன்றும் நடக்கும். உங்கள் பிள்ளை எண்ணியது தட்டான் புழு. வருகிற பேப்பர் வெள்ளி நானோ துகள் பற்றி இருக்கும், ஆறு பேர் பெயரில் நாலாவதாக இவள் பெயர். ஒருவரை ஒருவர் பார்த்திராத ஆறு பேர்! யாரோ எழுதியதை மென்பொருளில் போட்டு வார்த்தையை மாற்றியிருப்பார்கள், திருட்டு தெரியாமலிருக்க. அப்படி மாற்றிய கட்டுரைகளை கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு கணினி அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 2021இலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை மென்பொருள் 'பூசம் பெரில்' (bosom peril) ஆக்கியிருந்தது. தமிழில் சொன்னால் 'நெஞ்சு ஆபத்து'. மருத்துவம் படித்தவன் அப்படி எழுதுவானா? அதைப் பிடிக்க இப்போது தனி மென்பொருளே இருக்கிறது.

என் ஆய்வுக்கூடத்திலேயே நடந்தது. ஒரு மாணவர், கெட்டிக்காரர், எனக்குச் சொல்லாமல் மனைவியின் வளையலை அடகு வைத்து இப்படி ஒரு பேப்பர் போட்டார். நானும் ஆண்டறிக்கையில் பார்த்துவிட்டு, இதழின் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணல். "உங்கள் கட்டுரையைத் திறந்து காட்டுங்கள்" என்றார்கள். அந்த இணையதளமே இல்லை. அவர் செய்த நல்ல வேலையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளானது. அடகு மீண்டதா என்று நான் கேட்கவில்லை.

பேப்பரோடு நிற்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தீசிஸையும் நாங்களே டைப் பண்ணித் தருகிறோம்" என்பார்கள், டைப் பண்ணுவது போகப் போக அவர்களே எழுதுவதாக மாறும். மகளின் களக் குறிப்புகள் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போகும், பிறகு அவை யார் யாருக்கு விற்பனையாகும் என்று தெரியாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் போன் வரும்: "இன்னும் பத்தாயிரம் வேண்டும், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும்." திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், வெளியே சொல்ல முடியாது. முடிந்த தீசிஸ் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறும். நாளைக்கு அவள் மாணவர்களே திறந்து படிப்பார்கள். தீசிஸ் பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஒற்றுமைச் சோதனையில் பத்து சதவீதம் வரை பரவாயில்லை, அறுபதுக்கு மேல் போனால் பதிவே ரத்து என்பது 2018 விதி. எழுதிக் கொடுப்பவர் அந்தத் தண்டனையில் பங்கு வாங்க மாட்டார்.

நல்ல இதழ்களிலும் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்டு. ஆனால் அது இதழின் பக்கத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கும், கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு நேராக இதழுக்குப் போகும், நடுவில் ஆள் இருக்க மாட்டார். சந்தாவில் ஓடுகிற இதழ்கள் பொதுவாகக் கட்டுரை எழுதுகிறவரிடம் காசு கேட்பதில்லை. ஆற்றுப் பூச்சி வேலைக்கு வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்தே அழியும் உயிரினங்கள் பற்றி உலகம் படிக்கிற இதழ் ஒன்று வருகிறது. தட்டான் கட்டுரைகள் அதில் எத்தனையோ வந்திருக்கின்றன. கன்னடியன் அணைக்கட்டுக்கு மேலே எத்தனை வகை, சுத்தமல்லிக்குக் கீழே எத்தனை வகை என்று மூன்று வருடம் எண்ணியவளிடம் சொல்ல விஷயம் இல்லாமலா போகும்?

இந்தப் பேப்பர் கடைகள் முளைக்கக் காரணம் மேலேதான் இருக்கிறது. பதவி உயர்வுக்கும் கட்டுரை, வேலைக்கும் கட்டுரை, கல்லூரியின் தரவரிசைக்கும் கட்டுரை. படிக்க ஆள் இல்லை, எண்ண மட்டும் ஆள் இருக்கிறது. நிரந்தர இடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக் கல்லூரியை ஓட்டுகிறார்கள். பாடம் முழுக்க அவர்கள் நடத்தலாம், கைடாக மட்டும் ஆக முடியாது. பிறகு ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்த கைடுக்கு எங்கே போவது? தீசிஸ் கொடுத்த ஆறு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கும், தீசிஸ் பீரோவில் இருக்கும். சரி, விடுங்கள்.

இந்த மாதம் மகள் செய்ய வேண்டியது: கைடைப் பார்த்து, அவளுடைய ஆய்வை மேற்பார்க்கிற குழுவான டாக்டோரல் கமிட்டியை மே மாதத்துக்கு முன்னாலேயே கூட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவி அந்தக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்வது விதியிலேயே இருக்கிறது, தனியாகச் சலுகை கேட்பது இல்லை. புதிய முதன்மை வழிகாட்டி யார், பழையவர் இணை வழிகாட்டியாகத் தொடர்கிறாரா என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத வைத்து நகல் வாங்க வேண்டும். அதே கல்லூரியில் இடம் காலி இல்லையென்றால் ஆறு, சுற்றுச்சூழல் பற்றி வேலை செய்கிறவர்களைத் தேட வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் உங்களுக்குப் பக்கத்தில் ஆழ்வார்குறிச்சியில்தான் இருக்கிறது, அங்கே போய்க் கேட்பதில் தப்பில்லை. கைடிடம் பேச அவள் தயங்கினால் நீங்கள் கூடப் போகாதீர்கள். அப்பா வந்து நின்றால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். கமிட்டியில் இன்னொரு உறுப்பினர் இருப்பார், முதலில் அவரிடம் பேசட்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அந்த சென்டரில் பதிவுக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ் ஏதாவது அசல் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள், "யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அவளுடைய களக் குறிப்பு நோட்டுகள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுங்கள். மூன்று வருட வெயிலும் வெள்ளமும் அதில்தான் இருக்கிறது, அதை மறுபடி எண்ண முடியாது. ஒரு பிரதி கடையில் இருக்கட்டும். அப்பளத்துக்கு ஈரமும் பூச்சியும் ஏறாத டின் வைத்திருப்பீர்கள் இல்லையா, அதில்.