ஸ்போக்கேன் ரிவர்ஃப்ரண்ட் பார்க் அருவியைப் பார்க்க எந்த மாதம் போகலாம்? அரை நாள் போதுமா?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிவதற்குள் போய்விடுங்கள். அரை நாள் தாராளமாகப் போதும்.

மாதம் ஏன் முக்கியம் என்றால், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் ஆற்றுக்குத் தண்ணீர் ஐடஹோவிலுள்ள கோர் டலேன் ஏரியிலிருந்து வருகிறது. மலைப்பனி உருகி ஏரி நிறையும்போதுதான் அருவி முழு வேகத்தில் பாயும். பூங்காவில் ஆறு வடகிளை, தென்கிளை எனப் பிரிகிறது. ஆகஸ்டில் வரத்து குறைந்துவிடும்; இருப்பதிலும் பெரும்பங்கு தென்கிளை வழியாக 1922-இல் கட்டிய மின்நிலையத்துக்குப் போய்விடும். வடகிளையில் இருக்கும் மேல் அருவியில் அப்போது பாறைதான் அதிகம் தெரியும். கோடை விடுமுறையில் வந்து ஏமாறுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

காரை எதிரே ரிவர் பார்க் ஸ்கொயர் மாலின் பார்க்கிங்கில் விடலாம். முதலில் 1902-இல் கட்டிய மணிக்கூண்டு. அங்கே இருந்த ரயில் நிலையத்தையும் தண்டவாளங்களையும் 1974 உலகக் கண்காட்சிக்காக அகற்றினார்கள். இந்தப் பூங்காவே அதன் பிறகு வந்ததுதான். அங்கிருந்து வடகிளையின் நடைபாலங்களுக்குப் போங்கள். மே மாதத்தில் சாரல் பாலம் வரை அடிக்கும், தண்ணீரும் காற்றும் குளிரும். மழைக்கோட்டும், போன் லென்ஸைத் துடைக்க ஒரு துணியும் வேண்டும்.

பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். பெரிய காட்சி கீழ் அருவிதான், அதை விட்டுவிடாதீர்கள். நகர மன்றக் கட்டிடத்தின் பக்கத்திலிருந்து ஹன்டிங்டன் பூங்கா வழியாக இறங்கினால் அருவிக்கு வெகு அருகில் நிற்கலாம். இறக்கம் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழே கூட்டிப்போகாதீர்கள். அவர்களுக்கு மன்ரோ தெருப் பாலத்தின் நடைபாதையே போதும், அங்கிருந்து கீழ் அருவி நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் ஸ்கைரைடு கேபிள் காரில் ஏற்றிவிடுங்கள். அருவியின் மேலாகப் போய், அந்தப் பாலத்தின் அடியிலும் நுழைந்து, சுமார் 15 நிமிடத்தில் திரும்பும். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் வந்ததும் அதை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது.

குழந்தைகள் இருந்தால் 1909-இல் கையால் செதுக்கிய லூஃப் குதிரை ராட்டினத்தைத் தவறவிடாதீர்கள். வெளிவரிசைக் குதிரையில் உட்கார வையுங்கள். சுற்றும்போது ராட்டினத்தின் ஓரத்தில் நீட்டியிருக்கும் வளையத்தை எட்டிப் பிடிக்க அங்கிருந்துதான் முடியும். பித்தளை வளையம் கிடைத்தால் இன்னொரு சுற்று இலவசம்.

எந்த மாதமானாலும் வேலியைத் தாண்டிப் பாறையில் இறங்க வேண்டாம். வழுக்கும், இழுப்பும் பலம்.