பலர் ஒரே நேரத்தில் திருத்தும் செயலிக்கு சின்க் பகுதியை நாமே எழுதலாமா, லைப்ரரி எடுக்கலாமா?

கேட்டவர் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறார். குழுவாகப் பயன்படுத்தும் செயலி, ஒருவர் மாற்றியது மற்றவர் திரையில் உடனே தெரிய வேண்டும், சின்க்கை, அதாவது எல்லார் பிரதியையும் ஒன்றாக வைத்திருக்கும் பகுதியை, நாமே எழுதலாமா அல்லது தயாராக இருக்கும் லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாமா என்று. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலாளர் ஒருவர் கூகுள் டாக்ஸைத் திறந்து காட்டி, "இதே மாதிரி வேணும், அவ்வளவுதான்" என்றிருப்பார். நீங்களும் உலாவியும் சர்வரும் இணைப்பைத் திறந்தே வைத்துப் பேசிக்கொள்ள உதவும் வெப்சாக்கெட்டை வைத்து ஒரு மாதிரியைச் செய்து காட்டியிருப்பீர்கள். அது நன்றாக ஓடியும் இருக்கும். அங்கேதான் வினை ஆரம்பம்.

மாற்றத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. வெப்சாக்கெட் 2011-லேயே தரநிலையாக வந்துவிட்டது. தீராதது இதுதான்: இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டால் யாருடையது நிற்க வேண்டும்? இதற்கு உங்கள் சார்பில் எந்த லைப்ரரியும் பதில் சொல்லாது.

நான் வேலைக்குச் சேர்ந்த ஓர் இடத்தில் கட்டட ஆய்வுக்கான செயலி ஒன்று இருந்தது. நாலைந்து பேர் டேப்லெட்டோடு வெவ்வேறு தளங்களில் நின்று ஒரே அறிக்கையை நிரப்புவார்கள். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது. முதலில் எழுதிக்கொடுத்த நிறுவனம் முழு அறிக்கையையும் ஒரே ஜேசான் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) பொட்டலமாகச் சேமித்து, கடைசியாகச் சேமித்தவருடையதே நிற்கும் என்று வைத்திருந்தது. கடைசி எது என்பதை டேப்லெட்டின் கடிகாரத்திடம் விட்டிருந்தார்கள். ஒரு டேப்லெட்டில் யாரோ நேரத்தைக் கையால் மாற்றியதில், அது மற்றவற்றைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டேப்லெட் அடித்தளத்திலிருந்து மேலே வந்து இணைப்பு கிடைத்ததும், மற்றவர்கள் காலையிலிருந்து நிரப்பியதெல்லாம் போயிற்று. அதைப் பார்த்துப் பதறி அவர்கள் மறுபடி நிரப்பினார்கள். அதையும் சர்வர் பழசு என்று தள்ளிவிட்டது. லாகில் ஒரு பிழைகூட இல்லை, எழுதியபடிதான் எல்லாம் நடந்திருந்தது! இயந்திரங்களின் கடிகாரத்தை நம்பாமல், வெறும் எண்ணிக்கையை வைத்தே எது முன் எது பின் என்று வரிசைப்படுத்தும் வழியை கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார்.

சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட்டத்தில் எழுந்த முதல் குரல், "எல்லாத்தையும் சிஆர்டிடிக்கு மாத்திடலாம்". 2011-இல் ஆராய்ச்சியாளர் மார்க் ஷாப்பிரோவும் அவரோடு சேர்ந்தவர்களும் முறையாக வரையறுத்த தரவு அமைப்பு அது. ஒவ்வொரு பிரதியும் தன் போக்கில் மாறலாம், மாற்றங்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கடைசியில் எல்லாப் பிரதியும் ஒரே நிலைக்கு வந்துவிடும். அருமையான விஷயம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நிலைக்கு வந்தார்கள் என்பதால் அந்த நிலை சரியானது என்று ஆகிவிடாது. தீயணைப்பான் உண்டு என்று ஒருவர் குறிக்கிறார், இல்லை என்று இன்னொருவர் குறிக்கிறார். என்ன கணிதம் போட்டு இணைத்தாலும் இரண்டில் ஒன்று தொலையும். இல்லையென்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் அறிக்கையைப் புலம் புலமாக உடைத்தேன். ஒவ்வொரு மாற்றமும், தான் பார்த்த பதிப்பு எண்ணைச் சுமந்துகொண்டு சர்வருக்குப் போகும். நடுவில் வேறு யாரும் அந்தப் புலத்தைத் தொடவில்லை என்றால் நேராக ஏற்கப்படும். தொட்டிருந்தால் இரண்டு மதிப்புகளும் குழுத் தலைவரின் திரைக்குப் போகும், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். டேப்லெட் கடிகாரத்துக்கு இதில் வேலையே கிடையாது. பட்டியலின் வரிசைக்குப் பின்ன எண்கள்: 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்கு 1.5, மற்ற எதையும் தொட வேண்டாம். ஒருவர் நீக்கிய உருப்படியில் இன்னொருவர் ஆஃப்லைனில் புகைப்படம் சேர்த்திருந்தால்? இதை நான் முடிவு செய்யவில்லை, களத்தில் ஆய்வு செய்பவர்களிடமே கேட்டேன். படம் எடுத்தவர் காரணமில்லாமல் எடுத்திருக்க மாட்டார், எனவே உருப்படி திரும்ப வரட்டும் என்றார்கள். நீண்ட குறிப்புரை எழுதும் பெட்டிக்கு மட்டும் ஒய்ஜேஎஸ் என்ற சிஆர்டிடி லைப்ரரியைப் போட்டேன், ஏனென்றால் அங்கே எழுத்து எழுத்தாக இணைப்பது உண்மையிலேயே தேவைப்பட்டது.

"அரைகுறை வேலை" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள் என்று தெரியும். பலர் சேர்ந்து வடிவமைக்கும் செயலியான ஃபிக்மாவின் குழு 2019-இல் தங்கள் அமைப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். மையத்தில் சர்வர் இருப்பதால் முழு சிஆர்டிடியின் சுமை தங்களுக்குத் தேவையில்லை, ஒரு பொருளின் ஒரே பண்பை இருவர் மாற்றினால் சர்வருக்குக் கடைசியாக வந்ததே நிற்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் டாக்ஸ் போகும் ஆபரேஷனல் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் வழி, அதாவது ஒருவரின் திருத்தத்தை மற்றவரின் திருத்தத்துக்கு ஏற்ப மாற்றிப் பொருத்துவது, எல்லிஸும் கிப்ஸும் 1989-இல் தொடங்கி வைத்தது. அதிலும் சர்வர் இல்லாமல் இயங்குவதாக வெளியிடப்பட்ட சில அல்காரிதங்களில் பின்னால் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சியாளர்களே சறுக்கிய இடத்தில் நானும் நீங்களும் ஓரிரு வார ஸ்பிரிண்டில் எழுதிவிடுவோம் என்று நினைப்பது துணிச்சல்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இந்த வேலை முடிந்து டெமோ காட்டிய அன்று கைதட்டல் வாங்கியது எது தெரியுமா? யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பெயரோடு நகரும் வண்ணக் கர்சர். மோதிய இரண்டு மதிப்புகளையும் காட்டும் முரண்பாட்டுத் திரையை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தரவு தொலையாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, தெரியாததற்குப் பதவி உயர்வும் கிடைக்காது. கர்சர் செய்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பையன். ஆனால் அவரும் எல்லாரையும்போல ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று முத்திரை குத்திவிட்டார். தமிழ்க் கீபோர்டில் ஒரு சொல் இன்னும் முடியாமல் அடிக்கோட்டோடு நிற்கும்போது, வேறொருவரின் மாற்றம் வந்து எடிட்டர் அந்த வரியைத் திரும்ப வரைந்தால், எழுத்து இரட்டிக்கும் அல்லது பாதியில் காணாமல் போகும். இதை பக் என்று பதிவு செய்தால் "அரிதாக நடப்பது" என்று மூடிவிடுகிறார்கள். எங்களுக்கு இது தினப்படி, ஐயா!

சரி, உங்கள் கேள்வி. பலர் சேர்ந்து எழுதும் உரைப் பகுதி இருந்தால் அதற்கு லைப்ரரி எடுங்கள், ஒய்ஜேஎஸ் அல்லது ஆட்டோமெர்ஜ். மீதித் தரவுக்கு விதிகளை நீங்களே எழுதுங்கள், எழுதும் முன் பயன்படுத்துபவரிடம் கேளுங்கள். எதை எடுத்தாலும் முதல் நாளே அண்டூவைச் சோதித்துப் பாருங்கள்: நான் அண்டூ அழுத்தினால் நான் செய்தது மட்டும் திரும்ப வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதிய பத்தி போய்விடக் கூடாது. ஒய்ஜேஎஸ்ஸில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் இணைக்க வேண்டும்.

சர்வரே வேண்டாம், அல்லது சர்வரால்கூடப் படிக்க முடியாதபடி எல்லாம் மறையாக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் கதை வேறு. உள்ளே இருப்பதைப் படிக்க முடியாத சர்வரால் எது எதோடு மோதுகிறது என்று சொல்ல முடியாது. அந்த நிலை உங்களுக்கு என்றால், மேலே நான் திட்டியதை மறந்துவிட்டு சிஆர்டிடி பக்கமே போங்கள்.