கேள்வி-பதில்: நெட் போனாலும் ரூட் மாறவில்லையே!

கேள்வி: எங்கள் அலுவலக சிஸ்கோ ரூட்டரில் இரண்டு ஃபைபர் லைன். முதல் லைனின் கேட்வே (வெளியே போக அடுத்த ரூட்டரின் முகவரி) 203.0.113.1, இரண்டாவதன் கேட்வே 198.51.100.1 (முகவரிகளை மாற்றி எழுதியிருக்கிறேன்). இரண்டாவது டிஃபால்ட் ரூட்டின் (தனி வழி எழுதாத பாக்கெட் எல்லாம் போகும் வழி) கடைசியில் 10 என்று போட்டிருக்கிறேன். முதல் லைனின் கேபிளைப் பிடுங்கினால் உடனே மாறுகிறது. நிஜமாகவே நெட் போகும்போது மட்டும் மாறுவதில்லை. ஏன்?
– திருப்பூர் வாசகர்

பதில்: கேபிளைப் பிடுங்கினால் மாறுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. ஸ்டாட்டிக் ரூட் (நாம் கையால் எழுதும் வழி) ரூட்டரின் பட்டியலை விட்டுப் போக வேண்டுமானால் அந்த போர்ட் டவுன் ஆக வேண்டும். உங்கள் ரூட்டரின் கேபிள் போய்ச் சேருவதோ பக்கத்தில் இருக்கும் ஃபைபர் மோடத்தில். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடத்தில் கரண்ட் இருக்கும்வரை போர்ட் அப்தான். ரூட்டரும் 203.0.113.1-க்கே பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் போட்ட 10-இல் தவறில்லை. முதல் ரூட்டின் டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், குறைவானதே முதலில்) 1, அது போனால்தானே 10-க்கு வேலை!

லைன் உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்து (பதில் வருகிறதா எனச் சோதித்து) பார்க்க ரூட்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைதான் ஐபி எஸ்எல்ஏ, அதன் முடிவைக் கவனிப்பது ட்ராக். ட்ராக் இல்லாத பழைய முதல் ரூட்டை 'நோ' போட்டு நீக்கிவிட்டு இப்படிக் கொடுங்கள் (8.8.8.8 கூகுளின் பொது சர்வர்; கிகாபிட்ஈதர்நெட்0/0 முதல் லைனின் போர்ட்):

ஐபி எஸ்எல்ஏ 1
ஐசிஎம்பி-எக்கோ 8.8.8.8 சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/0
ஃப்ரீக்வென்சி 5
எக்ஸிட்
ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல் 1 லைஃப் ஃபாரெவர் ஸ்டார்ட்-டைம் நவ்
ட்ராக் 1 ஐபி எஸ்எல்ஏ 1 ரீச்சபிலிட்டி
டிலே டவுன் 15 அப் 30
எக்ஸிட்
ஐபி ரூட் 8.8.8.8 255.255.255.255 கிகாபிட்ஈதர்நெட்0/0 203.0.113.1
ஐபி ரூட் 8.8.8.8 255.255.255.255 நல்0 250
ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 203.0.113.1 ட்ராக் 1
ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 198.51.100.1 10

ஃப்ரீக்வென்சி வரியை விட்டால் 60 விநாடிக்கு ஒருமுறைதான் பிங் போகும். பலர் விட்டுவிடுவது 8.8.8.8-க்கான தனி ரூட்டை. அது இல்லாவிட்டால், முதல் லைன் போய் இரண்டாவதுக்கு மாறியதும் பிங்கும் இரண்டாவது வழியாகவே வெளியேறப் பார்க்கும். பதில் வந்துவிட்டால் "முதல் லைன் சரியாகிவிட்டது" என்று ரூட்டர் திரும்ப மாறும், உடனே தோற்கும், மறுபடி மாறும். நல்0 (பாக்கெட்டைத் தூக்கி எறியும் போலி போர்ட்) வரி, போர்ட்டே டவுன் ஆகும் சமயத்துக்கு; அப்போதும் பிங் வேறு வழியில் நழுவாது.

இதற்கு ஒரு விலை உண்டு. முதல் லைன் போயிருக்கும் நேரத்தில் அலுவலகத்தில் யாருக்கும் 8.8.8.8 கிடைக்காது. கணினிகளின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) அதுவாக இருந்தால், லைன் மாறியும் "நெட் இல்லை" என்ற புகார் வரும். டிஎன்எஸ்ஸுக்கு வேறு முகவரி கொடுங்கள். நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும்) விதியும் இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனியாக, ரூட்-மேப்போடு (எந்த போர்ட்டுக்கு எந்த விதி என்று பிரிப்பது) இருக்க வேண்டும். மாறிய பிறகு பழைய இணைப்புகள் தொங்கினால் 'கிளியர் ஐபி நாட் ட்ரான்ஸ்லேஷன் *'.

மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: 'செக்-கேட்வே=பிங்' கேட்வேயை மட்டும்தான் பார்க்கும். கேட்வேக்கு அப்பால் கோளாறு என்றால் அதற்குத் தெரியாது.

கேள்வி: 'ஐபி டிஃபால்ட்-கேட்வே' கொடுத்திருக்கிறேன். ஆனாலும் 'ஷோ ஐபி ரூட்' போட்டால் 'கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் இஸ் நாட் செட்' (டிஃபால்ட் ரூட் இல்லை) என்றே வருகிறது.
– ஓசூர் வாசகர்

பதில்: அந்தக் கட்டளை ரூட்டிங் அணைந்திருக்கும் பெட்டிக்கு, அதாவது லேயர் 2 சுவிட்சை நிர்வகிப்பதற்கு. 'ஐபி ரூட்டிங்' ஓடுகிற இடத்தில் அது கான்ஃபிகில் எழுத்தாக மட்டும் இருக்கும். 'ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0' போட்டு அடுத்த ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பட்டியலில் 'எஸ்*' (ஸ்டாட்டிக் டிஃபால்ட் ரூட்) என்று ஒரு வரி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த முகவரி உங்கள் போர்ட்டின் சப்நெட்டுக்குள் (அந்த நெட்வொர்க்கின் முகவரி வரம்பு) இருக்கிறதா, மாஸ்க் சரியா என்று பாருங்கள்.

லேயர் 3 சுவிட்சில் (ரூட்டிங்கும் செய்யக்கூடியது) புதிதாக 'ஐபி ரூட்டிங்' போடப்போகிறீர்களா? வேறு சப்நெட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியே உள்நுழைவது) வழியாகச் செய்யாதீர்கள். அடித்த நொடியில் பழைய கேட்வே செல்லாமல் போய், இணைப்பு அறுந்து, நீங்கள் வெளியே நிற்பீர்கள். கன்சோல் கேபிளோடு உட்காருங்கள். முடியாது என்றால், முதலில் ஓடுகிற கான்ஃபிகைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்; வெளியே மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் பெட்டி தானே மறுபடி கிளம்பி, சேமித்த கான்ஃபிகுக்குத் திரும்பும். எல்லாம் சரியானால் 'ரீலோட் கேன்சல்'.

கேள்வி: கேட்வே முகவரிக்குப் பதிலாக போர்ட் பெயரையே டிஃபால்ட் ரூட்டில் கொடுக்கலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) டயலர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், அந்தப் பக்கம் ஒரே ஆள்தான். ஈதர்நெட் போர்ட்டில் வேண்டாம். உலகத்து முகவரிகள் எல்லாம் அந்தக் கேபிளிலேயே இருப்பதாக ரூட்டர் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏஆர்பி (இந்த முகவரி எந்த மேக், அதாவது கார்டு எண்ணுக்கு உரியது என்ற கேள்வி) கேட்கும். எதிர்முனையில் ப்ராக்ஸி ஏஆர்பி (மற்ற முகவரிகளுக்காகவும் தானே பதில் சொல்வது) இருந்தால் வேலை செய்வதுபோலத் தெரியும். 'ஷோ ஐபி ஏஆர்பி' பாருங்கள்: நூற்றுக்கணக்கான வெளி முகவரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே மேக். லைன் கொடுத்தவர் ப்ராக்ஸி ஏஆர்பியை அணைக்கும் அன்று எல்லாம் நின்றுவிடும்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. இரண்டிலும் கேட்வே போட்டதும் தகராறு.
– மதுரை வாசகர்

பதில்: நெட் இருக்கும் கார்டில் மட்டும் கேட்வே போடுங்கள், மற்றதில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். உள் நெட்வொர்க் 10.20.0.0, அந்தப் பக்கத்து ரூட்டர் 192.168.5.254 என்றால், அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில்:

ரூட் -பி ஆட் 10.20.0.0 மாஸ்க் 255.255.0.0 192.168.5.254

'-பி' விட்டுப்போனால் கணினியை மறுபடி ஆன் செய்யும்போது ரூட் இருக்காது.